பெயர் சொல்லிக் கேட்கக்கூடாத ஊர்

தோணிக்காரர் எஞ்சினைத் தொடவில்லை. எங்கள் இருவரையும் ஏற்றி உட்காரவைத்துவிட்டு, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு கரையிலேயே நின்றார்.

"அந்த ஃபைல் எதுக்கு?" என்று கேட்டார்.

மடியில் இருந்த நீல ஃபைலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தேன். ஒரு அலுவல் என்றேன். என்ன அலுவல் என்றார். சின்ன அலுவல் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பக்கத்தில் இருந்த என் மச்சாளைப் பார்த்தார், மச்சாள் போட்டிருந்த கறுப்புக் கண்ணாடியை எங்கள் இரண்டு பேரையும் விடக் கூடுதல் நேரம் பார்த்தார்.

மழை விட்டு ஒரு கிழமை ஆகியும் ஆறு இறங்கவில்லை. தண்ணீர் பால் கூடிப்போன தேத்தண்ணி நிறத்தில் ஓடியது. ஊர்களுக்குப் போகும் வழியில் ஆற்றுக்குக் குறுக்கே கட்டியிருந்த தாம்போதியை வெள்ளம் இரண்டாக வெட்டிவிட்டது. அதனால் பேக்கரிப் பாணும் மாவும் காஸ் சிலிண்டரும் கொஞ்ச நாளாகத் தோணியில்தான் போய்க்கொண்டிருந்தன. அந்தச் சாமான்களுக்கு நடுவில்தான் எங்களுக்கு இடம். பாண் மணமும் மண்ணெண்ணெய் மணமும் சேர்ந்து காலையிலேயே மூக்கில் ஏறியது.

"அரசாங்க ஆக்களா நீங்க?" என்றார் அடுத்ததாக.

மச்சாள் ஓம் என்றும் நான் இல்லை என்றும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

அவர் கயிற்றை அவிழ்த்தார். ஆனால் எங்களை நம்பி அவிழ்க்கவில்லை, பாண் காய்ந்துவிடும் என்றுதான் அவிழ்த்தார். பெயர் நசீர், மூதூர்க்காரர்; முஸ்லிம் ஆட்கள் அண்ணனை நானா என்பதால் எல்லோருக்கும் நசீர் நானா. அந்தப் பயணம் முழுக்க அவர் எனக்கு முதுகைக் காட்டவேயில்லை. நானும் அவருக்குக் காட்டவில்லை.

வேறொரு ஆறு

போன சில கிழமைகளாக மேகொங் ஆற்றில் போன கதையை எழுதிவந்தேன் அல்லவா? அதை வாசித்துவிட்டு நிலாவெளியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: லாவோஸ் வரை போன நீங்கள் எங்கட ஆற்றில் ஒருநாளும் போகவில்லையா என்று. போனேன். அதை எழுதுவதா விடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சம்பந்தப்பட்டவர்கள் எழுதச் சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். ஊரின் பெயரை மட்டும் எழுத மாட்டேன். மகாவலியிலிருந்து பிரிந்து ஈச்சிலம்பற்றுப் பக்கமாக வரும் ஒரு கிளையாறு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மேகொங்கில் இரண்டு நாள் மரப்படகில் ஊர்ந்தோம். மலைச்சரிவுகளில் சின்னச் சின்ன ஊர்கள். படகு ஒதுங்கினால் பெண்கள் மூங்கிலில் அவித்த சோற்றைக் கொண்டுவருவார்கள், வாங்கிச் சாப்பிட்டுவிட்டு கை அசைப்போம், அவர்களும் அசைப்பார்கள். யார் வீட்டில் என்ன பிரச்சினை, எந்த வீட்டில் யார் இல்லை, ஒன்றும் தெரியாது. என் வாழ்க்கையிலேயே நான் யாரையும் சந்தேகிக்காமல் இருந்த இரண்டு நாட்கள் அவைதான். இவர், அதாவது என் கணவர், அதைக் கண்டு பயந்துபோய் எனக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மொழி தெரியாத இடத்தில் சந்தேகப்பட ஏலாது. சந்தேகத்துக்குச் சொந்த ஊரும் சொந்தப் பாஷையும் வேண்டும்.

சம்பளம் வாங்கிச் சந்தேகப்பட்டவள்

புதிதாக வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவர் கம்பனியில் எனக்கு வேலை. கப்பலில் இருந்து இறங்கும் சாமான் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. பெட்டியின் முத்திரை உடையாமல் இருந்தால் மற்றவர்கள் கையெழுத்து வைத்துவிடுவார்கள். நான் பெட்டியைத் தட்டிப் பார்ப்பேன். கோதுமை மாவு மூட்டையில் தையல் நூல் வேறு நிறத்தில் இருந்தால் பிரிக்கச் சொல்வேன். இதற்காக என்னைத் திட்டாத லொறிச் சாரதி இந்த மாவட்டத்தில் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு தட்டிப் பார்க்கப் பெட்டி இல்லை. வீட்டுக்கு வருகிற ஆட்கள்தான் மிச்சம்.

அப்படி வந்தவர்தான் கஜேந்திரன். என் மகள் தர்ஷினி டவுனில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளராக இருக்கிறாள். கடையில் இன்சுலின் வைக்கிற பிரிட்ஜ் பழுதானபோது திருத்த வந்தவர். மீன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் போடும் இடத்தில் மெஷின் பார்ப்பவர். அந்த பிரிட்ஜைத் திருத்த மூன்று தரம் வந்தாராம். மூன்றாம் தரம் அதில் ஒரு பழுதும் இருந்திருக்காது என்பது என் சந்தேகம்.

வீட்டுக்கு வந்தார். கதிரையின் நுனியில் இருந்தார். நல்ல பிள்ளையாகத்தான் தெரிந்தார். முத்திரை உடையாத பெட்டி. ஆகவே தட்டிப் பார்த்தேன்.

ஊர் எது என்றேன். ஆற்றுக்கு அங்கால என்றார். அப்பா? சின்ன வயதிலேயே செத்துப்போனார். சகோதரங்கள்? அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இப்ப நான் மட்டும்தான்" என்றார். அந்த 'இப்ப' எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு நாங்கள் ஒருமுறை வந்து அம்மாவைப் பார்க்கலாமா என்றேன். அம்மா புது ஆட்களோடு பழகமாட்டா, முதலில் நான் போய்ச் சொல்லிவிட்டுப் பிறகு கூட்டிப்போகிறேன் என்றார். இரண்டு மாதமாகியும் கூட்டிப்போகவில்லை. தாயின் படம் காட்டச் சொன்னால் போனில் இல்லை என்றார். இந்தக் காலத்தில் நாயின் படம்கூடப் போனில் வைத்திருக்கிறார்கள்.

தர்ஷினி அவரைத்தான் கட்டுவேன் என்று சொல்லிவிட்டாள். இவர் சரி என்றார். இவர் எதற்கும் சரி என்பவர். நான் மட்டும், விசாரிக்காமல் பிள்ளையைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

விசாரிக்கிறது

எங்கள் ஆட்களிடம் இதற்கு ஒரு முறை இருக்கிறது. மாப்பிள்ளையின் ஊருக்கு இரண்டு பேர் போகவேண்டும். தேத்தண்ணிக் கடையில், கோயிலடியில், கிணற்றடியில் மெல்லக் கதை கொடுத்து, குடும்பம் எப்படி, குடி இருக்கா, முன்பு ஏதும் தொடுப்பு இருந்ததா என்றெல்லாம் பிடுங்கவேண்டும். கலியாண விஷயம் என்று மட்டும் வாய் திறக்கக்கூடாது. திறந்தால் வேண்டியவன் தூக்கிவைத்துச் சொல்வான், வேண்டாதவன் கல்லுப் போடுவான். ஆகவே வேறு ஏதாவது சாட்டு வேண்டும்.

என் கலியாணத்துக்கும் இவர் பக்கத்திலிருந்து இரண்டு பேர் எங்கள் ஒழுங்கைக்கு வந்து, மாடு ஒன்று காணாமல் போய்விட்டது என்று வீடு வீடாகக் கேட்டார்களாம். ஒருவர் பட்டு வேட்டியோடு மாடு தேடியது இன்றைக்கும் எங்கள் வீட்டில் பகிடி.

நான் அதைவிடப் புத்திசாலித்தனமாகச் செய்ய நினைத்தேன். அலுமாரியில் இருந்து என் பழைய கம்பனி ஃபைல் ஒன்றை எடுத்தேன். உள்ளே ஒன்றுமில்லை. கையில் ஒரு ஃபைலும் குடையும் இருந்தால் ஏதோ அரசாங்கக் கந்தோரால் வந்தவர்கள் என்று நினைப்பார்கள், மரியாதையாகப் பதில் சொல்வார்கள் என்பது என் கணக்கு. இவருடைய தங்கை புவனத்தைக் கூட்டிக்கொண்டேன். கண்ணில் சத்திரசிகிச்சை செய்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, அதுதான் கறுப்புக் கண்ணாடி.

தர்ஷினியிடம் கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டோம்.

பாண் இறங்கிய இடம்

ஆற்றுவாழை அடைத்துக் கிடந்ததால் எஞ்சினை அடிக்கடி நிறுத்தவேண்டியிருந்தது. அந்தக் கொடி விசிறியில் சுற்றிக்கொள்ளும். நானா எஞ்சினைத் தூக்கிவிட்டு நீளக் கம்பை ஊன்றித் தள்ளுவார். கரையில் எருமைகள் கழுத்தளவு தண்ணீரில் நின்று எங்களைப் பார்த்தன. தோணி போன வேகத்துக்கு அவை நல்ல ஆறுதலாகப் பார்த்து முடித்தன.

முதல் ஊரில் ஒரு மருதமரத்தின் கீழ் தேத்தண்ணிக் கடை. பாண் இறக்க நேரமாகும் என்று நாங்களும் இறங்கினோம். உள்ளே நாலைந்து பேர் ஏதோ சத்தமாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். பிளேன்டீ சொன்னேன், வெள்ளம் எப்படி என்று கேட்டேன், வயல் எவ்வளவு அழிந்தது என்று கேட்டேன். நன்றாகத்தான் கதைத்தார்கள்.

பிறகு சும்மா கேட்பதுபோல, இந்தப் பக்கம் கஜேந்திரன் என்று ஒரு தம்பி இருக்கிறாராமே, வீடு எது என்றேன்.

கடைக்குள் கரண்டி கிளாசில் தட்டுவது மட்டும் கேட்டது. கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல், அப்படி ஒருத்தரும் இங்கே இல்லை என்றார். யோசிக்காமல் சொன்னார். ஊரில் ஒரு பெயரைக் கேட்டால் எந்தக் கஜேந்திரன், ஆருடைய மகன் என்று திருப்பிக் கேட்பதுதானே வழக்கம்? ஒருவரும் கேட்கவில்லை.

தோணிக்குத் திரும்பும்போது ஒருவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கரைவரம்பில் மேல்பக்கமாக மிதித்துப் போனார். இன்னொருவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போனார். நான் மச்சாளின் கையை நுள்ளினேன். மச்சாளும் கண்டிருந்தார், கண்ணாடிக்குள்ளால்.

ஏதோ இருக்கு, என்றேன் நான். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது என்பதை மறைக்கவில்லை. சந்தேகம் சரிவரும்போது வருகிற சந்தோஷம் அது. மகளின் வாழ்க்கை என்ற நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

மூன்று பதில்கள்

இரண்டாவது ஊரில் கரையோரமாகப் பெண்கள் சிலர் ஆற்றுமீன் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இறங்கமுன்பே எழுந்து நின்றார்கள். நான் இன்னும் பெயரைச் சொல்லி முடிக்கவில்லை. ஒருத்தி, அந்தக் குடும்பம் மட்டக்களப்புக்குப் போய்விட்டது என்றாள். இன்னொருத்தி, இந்தியாவுக்கு என்றாள். மூன்றாவது ஆள் வயதானவர், அப்படி ஒரு குடும்பமே இருந்ததில்லை என்றார். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மீன் செதில் ஒட்டிய கையால் ஒருத்தி தலைமுடியை ஒதுக்கினாள்.

மறைக்கிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் மிச்சமில்லை. எதை மறைக்கிறார்கள்? துறைமுகத்தில் எனக்குத் தெரிந்த ஒரு விதி உண்டு: ஒருவர் பொய் சொன்னால் அவருக்காகச் சொல்கிறார், ஊரே பொய் சொன்னால் உள்ளே இருக்கிற சாமான் பெரியது. அங்கே இன்னொரு பெண்சாதி இருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். பிள்ளையும் இருக்கலாம் என்றார் மச்சாள். அடுத்த வளைவு வருவதற்குள் அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பிவிட்டோம்.

நசீர் நானா கம்பை ஊன்றியபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பிவிடலாமா என்று மட்டும் ஒருமுறை கேட்டார், மேலே தண்ணீர் இழுவை கூட என்றார். பார்த்தால் அங்கே குளம்போலத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அவரையும் அந்தக் கூட்டத்தோடு சேர்த்துக்கொண்டேன்.

கொடியில் கிடந்த சேட்

மூன்றாவது இடத்தில் ஊர் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆற்றைப் பார்த்தபடி ஒரு வீடு, தள்ளித் தள்ளி இன்னும் சில. வாசலில் ஒரு அம்மா நின்றார். என் வயதுதான் இருக்கும், மெலிந்த உடம்பு. எங்களுக்காகவே வெளியே வந்து நின்றவர்போல இருந்தார்.

வாங்கோ என்றார். இருங்கோ என்று பாய் விரித்தார். வெயிலில் வந்திருக்கிறியள் என்று தண்ணீர் தந்தார், பிறகு மண்சட்டியில் எருமைத் தயிரும் சர்க்கரையும் கொண்டுவந்து வைத்தார். கந்தோரால் வந்தவர்களுக்கு இவ்வளவு உபசாரம் எதற்கு என்று அதையும் சந்தேகித்தேன். சந்தேகித்துக்கொண்டே இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன், அவ்வளவு நல்ல தயிர்.

அவருடைய தலைக்கு மேலால் கொடியைப் பார்த்தேன். சேலை ஒன்று, துவாய் ஒன்று, அதற்குப் பக்கத்தில் இளநீல நிறத்தில் ஒரு ஆம்பிளைச் சேட். பையில் பேனைக்குத் தனியாகத் தையல். ஐஸ் போடும் இடத்தில் வேலை செய்பவர்கள் போடுகிற அதே சேட். போன ஞாயிறு எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்த சேட். அப்படியென்றால் இவர்தான் தாய்.

நான் ஃபைலைத் திறந்து, வெறும் மட்டையைப் பார்த்தபடி கேட்டேன்.

"உங்களுக்கு எத்தினை பிள்ளையள்?"

"எனக்குப் பிள்ளையள் இல்லை" என்றார்.

முகத்தில் ஒரு அசைவும் இல்லை. குரலும் மாறவில்லை. நான் எத்தனையோ பொய் கேட்டவள், இவ்வளவு திருத்தமான பொய்யைக் கேட்டதில்லை. அந்தச் சேட் ஆருடையது என்று கேட்டேன். அண்ணருடையது, தோட்டத்துக்குப் போயிட்டார் என்றார். இன்னும் கொஞ்சம் தயிர் போடட்டுமா என்று கேட்டார்.

திரும்பி வரும்போது பாதி வழியில் நசீர் நானாதான் வாயைத் திறந்தார்.

"இந்த ஆத்தில ஆரையும் பேர் சொல்லித் தேடப்படாது அக்கா. நாளைக்கு எனக்கு இவங்கட கரையில பாண் இறக்க ஏலாமப் போயிரும்."

பார், இவனுக்கும் பங்கு இருக்கு, என்று மச்சாளின் காதில் சொன்னேன்.

நின்றுபோன போன்

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கொட்டினேன். சொந்தத் தாயே பிள்ளை இல்லை என்று சொல்கிறாள் என்றால் அவன் எப்படிப்பட்ட ஆளாக இருப்பான்? வீட்டுக்குள் ஒருத்தியை ஒளித்து வைத்திருக்கிறான், இல்லாவிட்டால் பெரிய குற்றம் ஏதோ செய்துவிட்டுப் பேரை மாற்றிக்கொண்டு டவுனில் இருக்கிறான். தர்ஷினி அழவில்லை. பொய் என்றாள். நீங்கள் போனதே பிழை, அதிலும் என்னிடம் கோயில் என்று சொல்லிப் போனது அதைவிடப் பிழை என்றாள். போன் எடுத்து அவனையே கேள் என்றேன்.

எடுத்தாள். போன் நிறுத்தப்பட்டிருந்தது.

அடுத்த நாளும் அப்படித்தான். அவள் ஐஸ் போடும் இடத்துக்கே போய்ப் பார்த்தாள். ஆள் வேலைக்கு வரவில்லை, தங்கியிருந்த அறையும் பூட்டு. பின்னேரம் திரும்பி வந்து செருப்பைக் கழற்றாமலே குசினி வாசலில் அடுப்பைப் பார்த்தபடி இருந்துவிட்டாள். அப்போதுதான் அழுதாள். என் மகள் அழுததைப் பார்த்து எனக்கு நெஞ்சு வெடித்தது, ஆனால் நான் சொன்னது சரியாகிவிட்டது என்ற நினைப்பும் அந்த வெடிப்புக்குள்ளேயே இருந்தது. இவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போனார். வாசலில், டவுன் தெருக்களில் திரிகிற மான்களில் ஒன்று எங்கள் செம்பருத்தியைத் தின்றுகொண்டிருந்தது. இவர் அதைத் துரத்தவில்லை.

இரண்டு மூன்று நாள் போனது. பிறகு தெரியாத இலக்கம் ஒன்றிலிருந்து தர்ஷினிக்குப் போன் வந்தது. அவள் அறைக்குள் போய்க் கதைத்தாள். பிறகு சிரிப்புச் சத்தம்போல ஒன்று கேட்டது, அது சிரிப்பில்லை.

வெளியே வந்தாள். நேரே அலுமாரியைத் திறந்து நீல ஃபைலை எடுத்து என் முன்னால் மேசையில் போட்டாள்.

"அவரைப் பிடிக்க ரெண்டு பொம்பிளையள் வந்தவையாம். ஒராள் நீல ஃபைலோட, ஒராள் கறுப்புக் கண்ணாடியோட. போனை நிப்பாட்டிப்போட்டு எங்கையாவது போய் இரு எண்டு தாய் கும்பிட்டு அழுதவவாம். நிலாவெளியில கூட வேலை செய்யிற ஒராளின்ரை வீட்டில ஒளிச்சிருக்கிறார், அம்மா. உங்களுக்குப் பயந்து."

முதலில் நான் அதையும் நம்பவில்லை. நல்லாய்ச் சோடித்திருக்கிறான் என்றேன். தர்ஷினி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டாள்.

தனியாக வந்தவர்

இரண்டு நாள் கழித்து மத்தியானம் வாசலில் படலைச் சத்தம். எட்டிப் பார்த்தால் அந்த அம்மா. வழி திருத்தியிருந்தார்கள், பஸ்ஸில் வந்திருந்தார். கையில் துணியால் கட்டிய தயிர்ச்சட்டி. கூட ஒருவரும் இல்லை.

கதிரையின் நுனியில் இருந்தார். மகனும் அப்படித்தான் இருந்தார் என்பது எனக்கு அப்போது நினைவு வந்தது. இவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தர்ஷினி குசினி வாசலில் வந்து நின்றாள். நாங்கள் அப்படி வந்தது பிழை என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

மகன் தானே கூட்டி வருவதாகச் சொன்னாராம், தாய்தான் வேண்டாம் என்றுவிட்டாராம். பொய் சொன்னவள் நான், ஆகவே நானே தனியாக வந்து சொல்லவேண்டும் என்றார். பெண் பிள்ளையைக் கொடுக்கிறவர்கள் கேட்கத்தான் வேண்டும், நீங்கள் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை என்றார். பிறகு மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சண்டை திரும்பத் தொடங்கின காலம். அப்பவும் ரெண்டு பேர்தான் வந்தவை. ஆர் எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. நல்ல மரியாதையான ஆக்கள், அம்மா எண்டுதான் கதைச்சவை. கையில ஃபைல் இருந்தது. பாய் போட்டு இருக்கச் சொன்னனான். எத்தினை பிள்ளையள் எண்டு கேட்டவை. ரெண்டு பொடியள் எண்டு சொன்னனான். மூத்தவர் எங்கை எண்டவை. உள்ளுக்குப் படுத்திருக்கிறார் எண்டு நான்தான் எழுப்பிவிட்டனான். நித்திரை முகத்தோட போகாதை, முகத்தைக் கழுவிப்போட்டுப் போ எண்டும் நான்தான் சொன்னனான்."

இவர் கையில் இருந்த செம்பைக் கீழே வைத்தார்.

"கதைச்சுப்போட்டு விடுறம் எண்டவை. அதுக்குப் பிறகு ஆர் வந்து கேட்டாலும் எனக்குப் பிள்ளையள் இல்லை. எங்கட பக்கத்துச் சனம் எல்லாம் எனக்காக அப்பிடித்தான் சொல்லும். நான் பொய் சொல்லத் தெரியாமல்தான் ஒருத்தனைக் குடுத்தனான்."

எனக்கு அவமானமாக இருந்தது, துக்கமாக இருந்தது, இரண்டையும் விட அதிகமாகப் பயமாக இருந்தது. அவர் விரித்த பாயில் இருந்து, அவர் தந்த தயிரைச் சாப்பிட்டுக்கொண்டு, அந்த இரண்டு பேரும் கேட்ட அதே கேள்வியை அதே சொற்களில் நான் கேட்டிருக்கிறேன். நாங்களும் இதே மாவட்டத்தில்தான் இருந்தோம். வாசலில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே பதில் சொல்லாதே என்று எங்கள் வீட்டிலும் சொல்லி வளர்த்த காலம் இருந்தது. டவுனில் அது எப்போது எங்களை விட்டுப் போனது என்று தெரியவில்லை. ஆற்றுக்கு அங்கால உள்ளவர்களை விட்டு அது இன்னும் போகவில்லை.

மூத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று நான் கேட்கவில்லை. தேடாத இடம் இருந்திருக்காது என்று அந்தக் கைகளைப் பார்த்தாலே தெரிந்தது.

அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இப்ப கேளுங்கோ. எல்லாத்துக்கும் உண்மை சொல்லுறன். அதுக்குப் பிறகும் வேண்டாம் எண்டால் நான் தம்பிக்குச் சொல்லி விளங்கப்படுத்துறன்."

கேட்பதற்கு என்னிடம் எவ்வளவோ இருந்தது. வீடு, வளவு, குணம், பழக்கம் என்று அடுக்கிவைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. கலியாணத்துக்கு என் மனம் அந்த நேரமே ஒப்பிவிட்டது. ஆனால் ஆற்றைத் தாண்டி, பஸ் மாறி, தனியாக ஒரு பெண் உண்மை சொல்ல வந்திருக்கிறார். ஒன்றும் கேட்காமல் அனுப்பினால் அது மரியாதையில்லை என்று தோன்றியது. கதிரையை விட்டு இறங்கி அவருக்குப் பக்கத்தில் தரையில் இருந்தேன்.

"உங்களுக்கு எத்தினை பிள்ளையள்?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேர்" என்றார். "மூத்தவர் சுரேந்திரன். இளையவர் கஜேந்திரன்."

சொல்லி முடித்ததும் தெருப் பக்கம் திரும்பி, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். நான் எழுந்து போய்ச் சாத்திவிட்டு வந்தேன்.